மேய்ப்பனின் முகம் தெரியவேண்டும்



சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், திருப்பதியில் ஒரு வாடகை மண்டபத்தில் நடைபெற்ற தமிழ்ச் சபையொன்றின் ஞாயிறு பள்ளி விழாவுக்குச் சென்றிருந்தேன். பிழைப்புக்காக வந்து பத்தாண்டு, இருபதாண்டாக அங்கே குடியிருக்கும் குடும்பங்கள். வேலூர், ஆற்காடு, திருத்தணிப் பக்கத்தவர்களே அதிகம். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த மூதாட்டி அன்று காலையில்தான் காட்பாடியில் ரயிலேறி வந்தவர். நாடகத்தில் அவருடைய பேரனுக்கு மேய்ப்பன் வேடம். அரைமணி நேரம் நாடகம் நடந்தது. சிவப்பும் பச்சையும் நீலமுமாய் விளக்குகள் சுழன்றன, புகை எழுந்தது, கைதட்டலுக்கும் குறைவில்லை. திரை விழுந்தபின் அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஐயா, என் பேரன் எப்போது வந்தான்?" என்று கேட்டார்.

அவன் மேடையில் ஏழெட்டு நிமிடங்கள் நின்றிருந்தான். தன் வசனத்தையும் பிழையின்றிச் சொன்னான். ஆனால் அவன் முகத்தில் வெளிச்சமே இல்லை. இருட்டில் நின்று பேசியவன் யாரென்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரிந்திருக்காது.

கூட்டம் கலைந்தபின், விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த வாலிபரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாடகை விளக்குகளோடு வந்தவர். தெலுங்கு பேசுகிறவர், தமிழ் அறியாதவர். பன்னிரண்டு எல்.இ.டி. பார் விளக்குகள், இரண்டு மூவிங் ஹெட், ஒரு புகை இயந்திரம், ஒரு மடிக்கணினி, அதில் ஒளியமைப்பு மென்பொருள் என்று எதிலும் குறை இல்லை. ஆனால் அந்த மென்பொருளில் ஒரு காட்சிகூடப் பதிவாகியிருக்கவில்லை. விளக்குகளை 'சவுண்ட் ஆக்டிவ்' முறையில் விட்டிருந்தார். அதாவது, விளக்கினுள் இருக்கும் சிறு மைக் கீபோர்டின் தாளத்தைக் கேட்டுத் தன் போக்கில் நிறங்களை மாற்றும். மேய்ப்பன் பேசும்போது கீபோர்டு ஓய்ந்திருந்தது. ஆகவே விளக்கும் ஓய்ந்துவிட்டது!

அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. எப்போது யார் பேசுவார் என்பதை அவருக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. மூதாட்டி கேட்ட கேள்வியை எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் அவரிடம் சொன்னேன். அவர் சுருட்டிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றார்.

கோட்டைச் சுவரும் நிலக்கரிச் சுரங்கமும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் சந்திரகிரிக் கோட்டை வருகிறது. விஜயநகர அரசர்களின் கடைசிக்காலத் தலைநகரங்களில் ஒன்று. மரத்தைச் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டே எழுப்பிய மூன்றடுக்கு ராஜமஹால் இன்றும் நிற்கிறது. 1639ஆம் ஆண்டில் சென்னைப்பட்டினத்துக்கு அடிகோலிய நில மானியத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் ஊர் என்பதால் தமிழருக்கும் அது அந்நியமல்ல. இந்தக் கோட்டையில் சுற்றுலாத் துறையினர் ஒலி ஒளிக் காட்சி நடத்தியிருக்கிறார்கள். இந்த வகைக் காட்சி 1952இல் பிரான்ஸ் நாட்டின் சாம்போர் அரண்மனையில் தொடங்கியது. நம் நாட்டில் 1965இல் டில்லிச் செங்கோட்டைக்கு வந்தது.

ஒலி ஒளிக் காட்சியில் நடிகர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பதிவுசெய்த குரல் கதை சொல்லும். மந்திராலோசனை என்றால் ஒரு சாளரம் மட்டும் ஒளிரும்; போர் என்றால் மதில் சிவக்கும்; அரசர் மடிந்தார் என்றால் மாடம் மெள்ள இருளும். ஒளி போகும் இடத்துக்கெல்லாம் ஆயிரம் கண்கள் தாமாகப் போகின்றன. எந்த விளக்கு, எந்த நொடியில், எவ்வளவு நேரத்தில் மாறவேண்டும் என்பது ஒலிப்பதிவின் ஒவ்வொரு வினாடியோடும் முன்னரே பிணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டளைக்குத்தான் 'க்யூ' என்று பெயர். அங்கே க்யூ தவறினால் கதையே இல்லை.

விளக்கின் எண்ணிக்கை பெரிதல்ல என்பதற்குக் கல்கத்தாவில் ஒரு சான்று உண்டு. 1959 டிசம்பர் 31 அன்று மினர்வா அரங்கில் உத்பல் தத் குழுவினர் 'அங்கார்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து தொழிலாளர் மூழ்கும் கடைசிக் காட்சியை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஒளியைக் கொண்டே காட்டினார் தபஸ் சென். அன்று அவரிடம் கணினி கிடையாது. சித்தூருக்கு அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தில் 1885இல் பிறந்த சுரபி நாடகக் குடும்பத்தினர் மாயக்காட்சிகளைக் கயிறும் கப்பியும் விளக்கும் கொண்டு கையாலேயே இயக்கிப் புகழ்பெற்றார்கள். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் குழு 'இயேசுநாதர்' நாடகத்தை ஊர் ஊராக நடத்திய காலத்திலும், காட்சி மாறும் தருணத்தைக் குறித்துவைத்தது ஒரு மனிதரின் நினைவுதான். 'சித்தூர்' என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட வி. நாகய்யா நாடகம் நடித்துத் தேர்ந்ததும் அத்தகைய மேடைகளில்தான். அவர் பெயரால் சித்தூரில் ஒரு கலாக்ஷேத்திரம் இருக்கிறது.

கணினி அந்த நினைவின் வேலையை 1975இல் ஏற்றுக்கொண்டது. நியூயார்க் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸ்ஸர் என்னும் பெண்மணி, க்யூக்களை நினைவில் வைத்துக்கொள்ளும் கணினிப் பலகையை அந்த அரங்குகளுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார். அதற்குமுன் டிம்மர் கைப்பிடிகளைப் பலர் நின்று இழுக்கவேண்டும். இழுப்பவர்களின் கைகளுக்கு ஓய்வு வந்ததே தவிர, எப்போது இழுப்பது என்று தீர்மானிக்கும் வேலை அப்படியே மனிதரிடம் நின்றுவிட்டது.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

இந்தத் தொழிலைக் கற்க விரும்பும் வாலிபர்கள் முதலில் அறியவேண்டியது டி.எம்.எக்ஸ். 512 என்னும் ஏற்பாடு. அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் 1986இல் வகுத்தது. அதற்குமுன் ஒவ்வொரு நிறுவனத்தின் பலகையும் தன் விளக்கோடு மட்டும் பேசும். இதன்பின் எல்லாம் ஒரே மொழியைப் பேசத் தொடங்கின. ஒரு தெருவில் 512 வீடுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வினாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் அந்தத் தெருவில் ஓடி, ஒவ்வொரு வீட்டிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு விளக்கும் தன் வீட்டு எண்ணுக்கு வரும் தபாலை மட்டும் எடுத்துக்கொள்ளும். 0 என்றால் அணை. 255 என்றால் முழுதாக எரி.

சாதாரண எல்.இ.டி. பார் விளக்குக்கு ஏழு வீடுகள் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், முதல் விளக்கின் முகவரி 1, அடுத்தது 8, அதற்கடுத்தது 15. விளக்கின் பின்புறத் திரையில் இந்த முகவரியைப் பதியவேண்டும். அதே இடத்தில் எத்தனைச் சேனல் முறை என்பதையும் பார்க்கவேண்டும். மென்பொருளில் ஏழு சேனல் என்று எழுதிவிட்டு, விளக்கை நான்கு சேனல் முறையில் விட்டுவிட்டால், எண்கள் ஒன்றுக்கொன்று இடம்மாறி வேறொரு நிறம் வந்து நிற்கும். கேபிளைக் குறைசொல்லி இரவெல்லாம் பிரித்துப் பூட்டியவர்களை நான் அறிவேன். குற்றம் அந்தச் சிறு திரையில் இருந்தது.

மென்பொருள்களில் பெருமேடைகளுக்கு கிராண்ட் எம்.ஏ., அவோலைட்ஸ், ஈ.டி.சி. நிறுவனத்தின் ஈயோஸ் போன்றவை உண்டு. அவற்றின் விலை நம் சபைகளுக்கு எட்டாதது. ஆனால் பின்லாந்துக்காரரான ஹெய்க்கி யூனிலா தொடங்கி, இத்தாலியரான மாசிமோ கல்லேகாரி வளர்த்துவரும் 'கியூ.எல்.சி. பிளஸ்' என்னும் மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியும் யு.எஸ்.பி.யில் செருகும் சிறு டி.எம்.எக்ஸ். பெட்டியும் இருந்தால் போதும். திருப்பதித் தம்பியின் கணினியில் இருந்ததும் அதுதான்.

அதில் அநேகர் மயங்குகிற இடம் ஒன்று உண்டு. காட்சி வேறு, க்யூ வேறு. காட்சி என்பது ஒளியின் புகைப்படம்: இந்த விளக்கு இவ்வளவு, அந்த விளக்கு இந்த நிறம் என்று ஒரு நிலையைப் பதிந்துவைப்பது. க்யூ என்பது ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகிற பயணம்: எப்போது புறப்படவேண்டும், எத்தனை வினாடியில் சேரவேண்டும். அழகழகான ஐம்பது காட்சிகளைச் செய்துவைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டியவுடன் படீர் படீரென்று மாற்றுகிறவர்கள் புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுகிறார்கள். நாடகம் நடப்பது புகைப்படங்களுக்கு நடுவிலே.

கியூ.எல்.சி. பிளஸில் காட்சிகளைச் செய்தபின், அவற்றை 'சேசர்' என்னும் வரிசையில் கோக்கவேண்டும். பெயரைப் பார்த்தால் திருவிழா ஓட்ட விளக்கைப்போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் எரியும் நேரம், நிற்கும் நேரம், அணையும் நேரம் என்று மூன்றையும் எழுத அதில் இடம் உண்டு. நிற்கும் நேரத்தை முடிவிலியாக வைத்துவிட்டால், விரல் தட்டும்வரை அது காத்திருக்கும். பிறகு அந்த வரிசையைத் திரையில் 'க்யூ லிஸ்ட்' என்னும் பட்டியலாக வைத்து, ஸ்பேஸ் பாரை 'அடுத்தது' என்று பழக்கிவிடலாம். நாடக இரவில் இயக்குபவருக்கு அந்த ஒரு பொத்தானுக்கு மேல் வேலை இருக்கக்கூடாது என்பது என் எண்ணம்.

சித்தூரில் நான்கு விளக்குகள்

மே மாதத்தில் சித்தூரில் வேறொரு தமிழ்ச் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி நிறைவு விழா. வாலிபர்கள் 'கெட்ட குமாரன்' கதையை நாடகமாக்கியிருந்தார்கள். கையில் பணம் குறைவு; நான்கு பார் விளக்குகளுக்குமேல் வாடகை கொடுக்க இயலாது. நான் திருப்பதித் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவரும் வந்தார். விழாவுக்கு முந்தின இரவு முழுவதும் நான் அவர் அருகில் இருந்தேன்.

முதலில் செய்தது முகம். ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1932இல் வெளியிட்ட மேடை ஒளி நூலின் முறை இன்றும் பொய்க்கவில்லை. முன்னாலிருந்து, உயரத்தில், இடமும் வலமுமாக ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இரண்டு விளக்குகள். ஒன்று சற்றே இளஞ்சூடான நிறம், மற்றது சற்றே குளிர்ந்த நிறம். கீழிருந்து அடித்தால் முகம் பூதமாகும். நேரே எதிரிலிருந்து அடித்தால் தட்டையாகும். மண்டபத்தின் மாடிக் கைப்பிடியில் இரண்டு விளக்குகளைக் கட்டி, விழாதபடி சங்கிலியும் போட்டோம். மூன்றாவது விளக்கு மேடையின் இடப்பக்க ஓரத்தில், ஒரு ஸ்டாண்டில். நான்காவது, பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு. அதுவே வானம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மாநிறத் தோலில் தனிப் பச்சையும் தனி நீலமும் விழுந்தால் சாம்பல் பூசினதுபோல் ஆகிவிடும். பிள்ளைகளின் முகத்துக்கு வெள்ளை எல்.இ.டி. உள்ள விளக்கையே கேட்டு வாங்குங்கள். அதோடு சிறிது மஞ்சள் சேர்க்கலாம். நீலமும் ஊதாவும் துணியில் இருக்கட்டும்.

பிறகு கணினியைத் திறக்காமல், ஒரு பள்ளி நோட்டில் க்யூத் தாளை எழுதினோம். மொத்தம் பதினேழு. முதல் க்யூ கணினிக்கு உரியதே அல்ல: மண்டபத்தின் குழல்விளக்குகளை அணைக்க, சுவிட்ச் அருகே நிற்கவேண்டிய ஒரு மூத்த சகோதரருக்கு. இரண்டாவது, தகப்பன் வீடு: முன்விளக்குகள் எண்பது சதம், வானம் பொன்னிறம், ஆறு வினாடியில். மூன்றாவதில் இளைய மகன் பங்கு கேட்கிறான். அப்போது அவன் பக்கத்து விளக்கு மெள்ள உயர, தகப்பன் பக்கம் பதினைந்து வினாடியில் தாழ்கிறது. யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். ஆனால் எல்லாருடைய கண்களும் மகனிடம் போய்விடும்.

ஐந்தாவது க்யூவில் தூரதேசம். நிறங்கள் ஓடுவதற்கு நாடகம் முழுவதிலும் அங்கேதான் இடம் கொடுத்தோம். துணியில் இரண்டு வினாடிக்கு ஒரு நிறம். முகங்களில் மாற்றமே இல்லை. தம்பியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது! அதன்பின் நண்பர்கள் ஒவ்வொருவராக விலகும்போது ஒவ்வொரு விளக்காகப் போகிறது. பதினோராவதில் பன்றிகள் மேயும் வயல்: பக்கவாட்டு விளக்கு மட்டும், முப்பத்தைந்து சதம், குளிர்ந்த வெள்ளை. முகத்தில் பாதி தெரியும், மறுபாதி இருட்டு.

ஒத்திகையில் இங்கே ஒரு வேடிக்கை நேர்ந்தது. பன்றிகளின் நடுவே வானம் இளஞ்சிவப்பாகவே நின்றது. அணைத்தும் போகவில்லை. தூரதேசத்தின் ஓடும் நிறங்களைத் தனிப் பட்டனில் வைத்திருந்ததால், அது பின்னால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு காட்சிகள் ஒரே விளக்குக்கு வேறு வேறு எண்ணைச் சொன்னால், ஒளியளவில் பெரிய எண்ணே வெல்லும் என்பது இந்த மென்பொருளின் வழக்கம். 'இருட்டு' என்னும் பூஜ்யம் எதையும் வெல்லாது. பின்னால் ஓடுவதை நிறுத்தினால்தான் இருட்டு வரும். அந்த ஓட்டத்தையும் வரிசைக்குள்ளேயே ஒரு படியாகச் சேர்த்தபின் தொல்லை தீர்ந்தது.

பன்னிரண்டாவது க்யூதான் எங்களுக்கு நெடுநேரம் பிடித்தது. அவன் மனந்திரும்பும் இடம். "முழு வெளிச்சமும் வரட்டும்" என்றார் நாடகம் எழுதிய வாலிபர். தம்பி தலையசைத்து மறுத்தார். இருளில் பழகிய கண்ணுக்கு இருபது சதமே அதிகம் என்றார். வலது முன்விளக்கை இருபது சதத்துக்குப் பன்னிரண்டு வினாடியில் ஏற்றிக் காட்டினார். இருட்டாயிருந்த அந்தப் பாதி முகம் மெள்ளத் துலங்கியது. மேடையில் நின்ற வாலிபன் நடிக்கக்கூட இல்லை, சும்மாதான் நின்றான். ஆனாலும் நாங்கள் மூவரும் வாய் திறக்கவில்லை.

பதின்மூன்றாவதில் வீடு திரும்பும் சாலை. வானம் நாற்பத்தைந்து வினாடியில் விடிகிறது. பதினான்காவதில் தகப்பன் தூரத்தில் கண்டு ஓடுகிறார். எல்லாம் இரண்டே வினாடியில். நாற்பத்தைந்துக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்த உவமையின் தகப்பன் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. மறுநாள் காலை ஒத்திகையில் அந்தத் தகப்பன் ஓடிய ஓட்டத்தில் விளக்கின் எல்லையைத் தாண்டிப்போய், மகனை இருட்டில் கட்டிக்கொண்டார். தரையில் வெள்ளை டேப் ஒட்டி, இரண்டடி முன்னதாகவே நிற்கச் செய்தோம்.

ஒளி ஒத்திகைக்குச் சிறு பிள்ளைகளை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்காதீர்கள். பெரியவர்களை அவர்கள் இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் முழங்காலில் நிற்கச் சொல்லுங்கள். ஆறடி மனிதருக்குச் சரியாக விழுந்த வெளிச்சம் எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்குமேல் போய்விடும். திருப்பதி மேய்ப்பனுக்கு நேர்ந்தவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இரு மொழிக்கும் ஒரு சொல்

வசனத்தைக் கேட்டு விளக்கை மாற்று என்று தமிழ் தெரியாதவரிடம் சொல்லிப் பயனில்லை. ஆந்திர தேசத்தில் கூடும் நம் தமிழ்ச் சபைகளில் இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு. இதற்கு உலகமெங்கும் நாடக அரங்குகளில் ஒரு வழி இருக்கிறது. வசனத்தைப் பின்தொடர ஒருவர் பிரதியோடு உட்காருவார். க்யூ நெருங்கும்போது எண்ணைச் சொல்லி, "தயார்" என்பார். தருணம் வந்ததும் ஒரே சொல்: "போ." அந்தச் சொல் காதில் விழுந்தவுடன் விரல் தட்டவேண்டும். ஆகையால் வேறு எதற்கும் அந்தச் சொல்லை அங்கே உச்சரிக்கக்கூடாது.

எங்கள் நாடகத்துக்குப் பிரதி பார்க்க ஒரு கல்லூரி மாணவி ஒப்புக்கொண்டாள். ஆனால் தன்னைவிட மூத்த ஓர் ஆடவரைப் பார்த்து "போ" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "போங்கள்" என்றால் நீளம். அரை வினாடி தவறிவிடும். தம்பிக்கு இந்தத் தயக்கம் விளங்கியதும் சிரித்துவிட்டார். தெலுங்கிலும் அதே சொல், அதே பொருள், அதே மரியாதைக் குறைவு! "பரவாலேது அம்மா" என்று அவர் சொன்னபின்தான் அவளுக்குத் தைரியம் வந்தது. எண்களை மட்டும் அவர் தமிழில் பதினேழு வரை கற்றுக்கொண்டார்.

மின்சாரமும் கண்களும்

பழைய ஹாலோஜன் பார் விளக்கு ஒன்று 1000 வாட் இழுக்கும். எட்டு எரிந்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 35 ஆம்பியர். மண்டபத்துச் சாதாரணப் பிளக்குகள் தாங்காது. எல்.இ.டி. வந்தபின் அந்தப் பயம் வெகுவாய்க் குறைந்துவிட்டது. என்றாலும் எர்த் இல்லாத நீட்டிப்புப் பலகையில் எதையும் செருகவேண்டாம். டி.எம்.எக்ஸ். கேபிளுக்குப் பதில் மைக் கேபிளைப் போட்டால் குறைந்த தூரத்துக்கு ஓடும். தூரம் கூடினால் விளக்குகள் காரணமின்றித் துடிக்கும். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருகினால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேறொரு துடிப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்லவேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் தொடரில், சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு தடவை அளவில் மாறி மாறி மின்னின. வலிப்பும் மயக்கமுமாக ஏறத்தாழ 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் அநேகருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. மின்னும் ஒளி சிலருடைய மூளையைத் தாக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. வினாடிக்கு மூன்றுக்கு மேற்பட்ட மின்னல்கள் கூடாது என்று இணையப் பக்கங்களுக்கே உலக அளவில் நெறிமுறை உண்டு. இருட்டு மண்டபத்தில், பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்க, ஸ்ட்ரோபை ஓடவிடுவது எதற்காக? தேவதூதன் தோன்றுவதற்கா? மூன்று வினாடியில் பின்னாலிருந்து வெள்ளை எழும்பட்டும், போதும். அதிலும் தூதனின் வெள்ளாடை ஒளியை வாரித் திருப்பும். ஆகையால் அவன்மேல் அறுபது சதத்துக்குமேல் வேண்டாம். மீதியை எதிரில் நிற்கும் மரியாளின் முகத்துக்குக் கொடுங்கள்.

சித்தூர் விழா இரவில், தூரதேசத்தில் பஞ்சம் தொடங்கும் இடத்தில் மின்சாரம் போய்விட்டது. மண்டபம் முழுதும் இருட்டு. ஜெனரேட்டர் கிளம்ப அரை நிமிடம் ஆயிற்று. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, டி.எம்.எக்ஸ். பெட்டியும் அதிலிருந்தே உயிர் பெறுவது. தம்பி கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் திரும்பியதும் நான்கு விளக்குகளும் விழித்து, விட்ட இடத்தின் எண்களைப் பெற்று, அதே க்யூவில் நின்றன. மேடையிலிருந்தவர்களும் அசையாமல் நின்றிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "பஞ்சத்தை எவ்வளவு தத்ரூபமாகக் காட்டினார்கள்!" என்று மற்றவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

நாடகம் பதினாறாவது க்யூவில் முடிந்தது. விருந்தின் வெளிச்சம் அறுபது சதத்துக்குத் தாழ, வீட்டுக்கு வெளியே நிற்கும் மூத்த மகன்மேல் பக்கவாட்டு விளக்கு மட்டும். உள்ளே போவானா மாட்டானா என்பதைச் சொல்லாமலே இருள்கிறது. அடுத்துத் திரை. நாங்கள் எழுதியபடி பதினேழாவது க்யூ மண்டப விளக்குகளைப் போடுவது; சுவிட்ச் அருகே நிற்கும் சகோதரருக்கு உரியது.

ஆனால் அந்த மாணவி "பதினேழு, போ" என்றவுடன் மேடை விளக்குகள் எழுந்தன. முன்விளக்குகள் இரண்டும் முழு வெள்ளை. வேறு நிறம் எதுவும் இல்லை. நடித்தவர்களும், அன்று பாடல் பாடிய சிறு பிள்ளைகளும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவரும் இருட்டில் இல்லை. ஒரு நிமிடம் அந்த வெளிச்சம் அசையாமல் நின்றது. தாய்மார் எழுந்து நின்று கையசைத்தார்கள்; பிள்ளைகளும் அசைத்தார்கள். மண்டப விளக்குகள் பதினெட்டாவதாக எரிந்தன.

பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினேழாவது வரியில் என் கையெழுத்தை அடித்துவிட்டு, தெலுங்கில் ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அவ்வ' என்றிருந்தது. இந்தப் பக்கத்துத் தெலுங்கில் பாட்டிக்கு அதுதான் சொல்.